கைகோத்து நின்ற தளங்கள்: வெப்ரிங் காலத்து இணையம்

ஒரே விஷயத்தில் ஆர்வம் கொண்ட பல இணையதளங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகச் சேர்ந்து அமைத்துக்கொண்ட வட்டத்துக்கு வெப்ரிங் என்று பெயர். வட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு தளத்தின் அடியிலும் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் வளையத்தின் பெயர், ஒரு சின்னம், அதற்குக் கீழே ‘முந்தைய தளம்’, ‘அடுத்த தளம்’, ‘ஏதேனும் ஒன்று’, ‘முழுப் பட்டியல்’ என்று நாலைந்து லிங்க்குகள். ‘அடுத்த தளம்’ என்பதை அழுத்திக்கொண்டே போனால் எல்லாத் தளங்களையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். 1990-களின் பிற்பாதியில் இணையத்துக்குள் வந்தவர்களுக்குப் புதிய தளங்களைக் காட்டிக்கொடுத்த முக்கியமான வழிகளில் இது ஒன்று. அந்தப் பெட்டியை நினைத்து இன்று பலர் ஏங்குகிறார்கள். அந்த ஏக்கம் நியாயமானது. அடுத்து எங்கே போகலாம் என்று, அந்த விஷயத்திலேயே ஊறிய ஒருவர் கைகாட்டிய காலம் அது.

அப்படியொரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வலை வளர்ந்த வேகமே காரணம். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை 1991-இல் வெளியுலகுக்கு அறிமுகமானது. அதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அறிவித்தது. அதே ஆண்டில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் எழுதிய மொசைக் என்னும் பிரவுசர் எழுத்துக்கு நடுவிலேயே படத்தையும் காட்டியது. அந்த ஜூன் மாதத்தில் உலகம் முழுவதும் இருந்த இணையதளங்கள் சுமார் 130. எம்ஐடி மாணவர் மாத்யூ கிரே எழுதிய நிரல் வலையைச் சுற்றிவந்து எண்ணிச் சொன்ன கணக்கு இது. இரண்டே ஆண்டுகளில் அது 23,500-ஐத் தொட்டது. 130 தளங்களின் பெயரை ஒருவர் நினைவிலேயே வைத்துக்கொள்ளலாம். 23,500-ஐ வைத்துக்கொள்ள முடியாது.

தேடுவதற்கு அப்போது இருந்தவை இரண்டு வழிகள். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994-இல் தொடங்கிய பட்டியல் யாஹூவாக வளர்ந்திருந்தது. அதில் ஆட்கள் உட்கார்ந்து தளங்களைப் பார்த்துத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கினார்கள். 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா, தேடும் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நொடியில் சொன்னது. ஆனால் அவற்றில் எது உருப்படியான பக்கம் என்று அதற்குத் தெரியாது. ஒரே சொல்லைப் பக்கம் முழுக்க நிரப்பி வைத்தவர்கள் முடிவுகளில் மேலே வந்தார்கள். பழைய ரயில் என்ஜின்களைப் பற்றி ஆசையோடு நாற்பது பக்கம் எழுதி வைத்த ஒரு பள்ளி ஆசிரியரை, அதே ஆசை கொண்ட இன்னொருவர் கண்டுபிடிக்க இந்த இரண்டு வழிகளும் பெரிதாக உதவவில்லை.

வளையம் சுழன்ற விதம்

தளங்களை வட்டமாகக் கோக்கும் யோசனையை 1994-இல் முதலில் செய்து பார்த்தவர் பிரிட்டனைச் சேர்ந்த டெனிஸ் ஹோவ். அவருடைய ‘யுரோப்பா’ திட்டத்தில் ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்து அடுத்தவர் பக்கத்துக்கு நேரடியாக லிங்க் கொடுத்தார்கள். எளிமையான ஏற்பாடு, ஆனால் ஒருவர் தம் பக்கத்தை எடுத்துவிட்டால் வட்டம் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். புதிதாக ஒருவர் சேர வேண்டுமென்றாலும் அவருக்கு முன்னால் நிற்பவர் தம் பக்கத்தைத் திருத்தித் தர வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த சேஜ் வெயில். அப்போது அவர் பதின்வயதுப் பையன். தளங்களின் வரிசையைத் தளங்களிலேயே விட்டுவைக்காமல் ஒரு பொதுவான சர்வரில் பட்டியலாக வைத்தார். வளையத்தில் சேரும் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எண் உண்டு. பெட்டியில் இருக்கும் ‘அடுத்த தளம்’ என்னும் லிங்க் உண்மையில் அந்த சர்வருக்குத்தான் போகும். ‘இந்த வளையத்தில் 47-ஆம் தளத்திலிருந்து வருகிறார், அடுத்ததைக் காட்டு’ என்று கேட்கும். சர்வர் பட்டியலைப் பார்த்து, வாசகரை 48-ஆம் தளத்துக்கு அனுப்பிவைக்கும். 48 எடுக்கப்பட்டிருந்தால் 49. ஒருவர் சேர்ந்தாலும் விலகினாலும் மற்றவர்கள் தங்கள் பக்கத்தைத் தொடவே வேண்டியதில்லை. சில வரிகள் கொண்ட நிரல்தான். ஆனால் ஆயிரக்கணக்கான வளையங்கள் அதன்மேல் எழுந்தன. சேஜ் வெயில் பின்னாளில் பெருநிறுவனங்களின் தரவுகளைப் பல கணினிகளில் பிரித்துச் சேமிக்கும் ‘செஃப்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். எந்த ஒரு கணினி செத்தாலும் மொத்தமும் நின்றுவிடக் கூடாது என்ற அதே கவலையை அதிலும் பார்க்கலாம்.

நிரலைவிட முக்கியமானவர் வளையத்தின் பொறுப்பாளர். ரிங்மாஸ்டர் என்று அவரை அழைத்தார்கள். சேர விரும்புகிறவர் தம் தளத்தின் பெயர், முகவரி, சின்னதாக ஓர் அறிமுகம் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்புவார். பெட்டிக்கான எச்டிஎம்எல் வரிகள் அவருக்கு வந்து சேரும். அவற்றைத் தம் பக்கத்தின் அடியில் ஒட்டிவிட்டுக் காத்திருப்பார். பொறுப்பாளர் நேரில் போய்ப் பார்ப்பார். பெட்டி சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா, தளத்தில் சரக்கு இருக்கிறதா, அல்லது ‘விரைவில் வரும்’ என்ற அறிவிப்பு மட்டும்தானா என்றெல்லாம் பார்த்த பிறகே காத்திருப்போர் வரிசையிலிருந்து வளையத்துக்குள் சேர்ப்பார். பெட்டியை நீக்கியவரை வளையத்திலிருந்து நீக்குவார். இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. எக்ஸ்-ஃபைல்ஸ் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள், பூனை வளர்ப்பவர்கள், தங்கள் குடும்பத்தின் பழைய தலைமுறைகளைத் தேடுகிறவர்கள், நாள்பட்ட நோயோடு வாழ்கிறவர்கள் என ஒவ்வொரு கூட்டத்துக்கும் இப்படி ஒருவர் மெனக்கெட்டார். அந்த மெனக்கெடல்தான் வெப்ரிங்கின் தரம். ஒரு வளையத்தில் உள்ள பத்துத் தளங்களைப் பார்த்தாலே அதன் பொறுப்பாளர் எப்படிப்பட்டவர் என்பது விளங்கிவிடும்.

எண் போட்ட வீடுகள்

வளையத்தில் கோக்கத் தளங்கள் வேண்டுமே? அவற்றைக் கொட்டிக் கொடுத்தது ஜியோசிட்டீஸ். டேவிட் போனட்டும் ஜான் ரெஸ்னரும் 1994-இன் இறுதியில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இந்த நிறுவனம், யார் கேட்டாலும் இலவசமாகப் பக்கம் அமைக்க இடம் கொடுத்தது. அதன் அழகு, இடத்தைப் பிரித்துக் கொடுத்த முறையில் இருந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு பேட்டை. அறிவியல் புனைவுக்கு ‘ஏரியா51’, கணினிக்கு ‘சிலிக்கான்வேலி’, சினிமாவுக்கு ‘ஹாலிவுட்’, தத்துவத்துக்கும் இலக்கியத்துக்கும் ‘ஏதென்ஸ்’, குடும்பக் கதைகளுக்கு ‘ஹார்ட்லேண்ட்’. புதிதாக வருகிறவர் பேட்டைக்குள் சுற்றிப் பார்த்து, காலியாக இருக்கும் நான்கு இலக்கக் கதவு எண் ஒன்றை எடுத்துக்கொள்வார். அந்த எண் அவருடைய இணைய முகவரியிலேயே இருக்கும். பேட்டையில் புதியவர்களுக்கு உதவ தன்னார்வலர்களும் இருந்தார்கள். 1997 அக்டோபருக்குள் 10 லட்சம் பேர் குடியேறியிருந்தார்கள்.

பக்கங்களின் தோற்றத்தைத்தான் பலர் முதலில் நினைவுகூர்கிறார்கள்: நட்சத்திரங்கள் மினுங்கும் கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மண்வெட்டி பிடித்து வேலை செய்யும் ‘பணி நடைபெறுகிறது’ பொம்மை, திறந்தவுடன் தானாக ஒலிக்கும் மிடி இசை. இவற்றில் பாதி அன்றைய தொழில்நுட்பத்தின் கட்டாயம். 28.8 கிலோபிட் மோடத்தில் ஒரு நொடிக்கு மூன்றரை கிலோபைட்டுக்கு மேல் இறங்காது. 50 கிலோபைட் படம் ஒன்று முழுதாகத் தெரிய ஏறக்குறைய கால் நிமிடம் ஆகும். அதனால் பெரிய படத்துக்குப் பதில் சிறிய படத்தைத் தளவரிசைக் கல்லைப்போல் திரும்பத் திரும்பப் பதித்துப் பின்னணி அமைத்தார்கள். ஒரு முழுப் பாட்டைப் பதிவாக ஏற்றினால் இறங்க நெடுநேரம் ஆகும் என்பதால், ஸ்வரங்களை மட்டும் குறித்துவைக்கும் மிடி கோப்பைப் பயன்படுத்தினார்கள். அது சில கிலோபைட்டுகளில் முடிந்துவிடும்.

தோற்றத்தைவிடச் சொல்ல வேண்டியவை ஹிட் கவுன்ட்டரும், வந்தவர்கள் குறிப்பு எழுதிவிட்டுப் போகும் கெஸ்ட்புக்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் பக்கத்தின் அடியிலேயே வெளிப்படையாக ஓடிக்கொண்டிருக்கும். ஜப்பானில் இதையொட்டி ஒரு வழக்கமே இருந்தது. கவுன்ட்டரில் 1,000, 7,777 போன்ற எண் விழும்போது வந்தவர், பக்கத்தின் சொந்தக்காரருக்கு அதை எழுதித் தெரிவிப்பார். சொந்தக்காரர் அவருக்காக ஒரு படம் வரைந்து கொடுப்பதும் உண்டு. வருகிறவர் கூட்டமாக இல்லாமல் ஒவ்வொருவராக மதிக்கப்பட்டதன் அடையாளம் இது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அந்தப் பத்துப் பேரும் யாரென்று தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தது.

எளிமையான காலம் என்று சொல்லும்போது அது யாருக்கு எளிமையாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை விஎஸ்என்எல் வழங்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. படங்களோடு வலையைப் பார்ப்பதற்கான இணைப்புக்குத் தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. தொலைபேசிக் கட்டணம் தனி. அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. ஆரம்பகால இணையத்தின் அன்னியோன்யத்துக்கு, உள்ளே வர முடிந்தவர்கள் மிகக் குறைவு என்பதும் ஒரு காரணம்.

வளையம் அறுந்த கதை

சேஜ் வெயில் 1997-இல் தம் வெப்ரிங் அமைப்பை ஸ்டார்சீட் என்ற சிறு நிறுவனத்திடம் கொடுத்தார். 1998-இன் பிற்பகுதியில் ஸ்டார்சீடை ஜியோசிட்டீஸ் வாங்கியது. 1999 ஜனவரியில் ஜியோசிட்டீஸையே யாஹூ வாங்குவதாக அறிவித்தது. விலை 350 கோடி டாலருக்கு மேல். ஆக, பல்லாயிரம் பேர் கூலியில்லாமல் பராமரித்த வளையங்கள் மூன்றே ஆண்டுகளில் மூன்று கை மாறின.

புதிய உரிமையாளர் முதலில் செய்த காரியம் குடியிருப்பவர்களைக் கொதிக்க வைத்தது. 1999 கோடையில் யாஹூ வெளியிட்ட விதிமுறை, ஜியோசிட்டீஸ் பக்கங்களில் உள்ள எழுத்தையும் படத்தையும் தன் விருப்பப்படி பயன்படுத்தும் உரிமை தனக்கு உண்டு என்று பொருள்படும்படி இருந்தது. பயனாளர்கள் தங்கள் பக்கங்களைச் சாம்பல் நிறமாக்கியும் வெறுமையாக்கியும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யாஹூ இறங்கிவந்து விதியைத் திருத்தியது. பேட்டைகளும் கதவு எண்களும் மெல்ல மறைந்து, பயனாளர் பெயரில் அமைந்த சாதாரண முகவரிகள் வந்தன. வெப்ரிங்கில் அடி விழுந்தது 2000 செப்டம்பரில். பொறுப்பாளர்கள் தங்கள் கைப்பட வடிவமைத்த பெட்டிகளுக்குப் பதிலாக ஒரே அச்சில் வார்த்த பெட்டியும் யாஹூ கணக்கும் கட்டாயமாயின. வளையத்துக்கு முகம் கொடுத்தது அந்தப் பெட்டிதான். பலர் விலகிப் போனார்கள். 2001-இல் யாஹூ இந்தச் சேவையையே கைகழுவியது; அதன் பொறியாளர் ஒருவர் தனி நிறுவனமாக எடுத்து நடத்தினார். ஆனால் அதற்குள் ஆட்கள் கலைந்திருந்தார்கள்.

யாஹூவை மட்டும் குற்றம் சொன்னால் கதை முழுமையாகாது. 1998-இல் பிறந்த கூகுள், ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிட்டது. அதாவது, தனித்தனி மனிதர்கள் ஒருவரையொருவர் பரிந்துரைத்துக் கைப்பட எழுதிய லிங்க்குகளே கூகுளின் மூலதனம். தேடல் நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும் லிங்க்குகளைத் தொகுத்து ஒரு பக்கம் வைத்திருக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. இன்னொரு பக்கம், லிங்க்குக்கு மதிப்பு வந்துவிட்டதால் அதை விற்கும் சந்தையும் வந்தது. போலித் தளங்கள் ஒன்றுக்கொன்று லிங்க் கொடுத்துத் தேடலில் மேலேறப் பார்த்தன. கூகுள் அளவுக்கு மீறிய லிங்க் பரிமாற்றத்தையே விதிமீறலாக அறிவித்தது. நட்பில் கொடுத்த லிங்க்கும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. வெப்ரிங் காலத்துப் பழக்கத்துக்கு நேர்ந்த பெரிய அநியாயம் இதுதான்.

அதன்பின் ரசிகர்களும் குழுக்களும் பெருநிறுவனங்களின் கூரைக்குள் போனார்கள். 2003-இல் மைஸ்பேஸ், 2004-இல் ஃபேஸ்புக். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்த பிறகு, வாசகர் அடுத்த பக்கத்தைத் தேடிப் போகும் வேலையே இல்லாமல் போயிற்று. அடுத்தது தானாகவே வந்து நின்றது. எது வர வேண்டும் என்பதை நிறுவனம் முடிவு செய்தது.

தமிழ் எழுத்துகளின் தனி வழி

தமிழ் இணையத்தின் தொடக்கம் இதே ஆண்டுகளைச் சேர்ந்தது. சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பில் 1995 அக்டோபரில் தமிழை ஏற்றியவர் நா. கோவிந்தசாமி. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்க வழிசெய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் பலருக்குத் தமிழில் மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொடுத்தது.

ஆனால் அந்த நாளைய தமிழ்ப் பக்கத்தைப் படிக்க முதலில் அதற்குரிய எழுத்துருவை இறக்க வேண்டும். தளத்துக்குத் தளம் எழுத்துரு வேறு. இறக்காமல் திறந்தால் தலையில் கோடும் புள்ளியும் போட்ட ரோமன் எழுத்துகள் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குத் தடையில்லாமல் போவதுதான் வெப்ரிங்கின் உயிர். அடுத்த தளம் படிக்கவே முடியாததாக இருந்தால் வளையம் எப்படிச் சுழலும்? 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையை முறைப்படுத்தியது. ஆனால் படிப்பதில் இருந்த தடை உண்மையில் விலகியது, எல்லாத் தளங்களுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடு பரவிய பிறகுதான்.

ஆங்கில இணையத்தில் வெப்ரிங் ஓய்ந்துபோயிருந்த அந்த நேரத்தில், தமிழ் வலைப்பதிவுகள் அதே வேலையை வேறு வடிவத்தில் கையில் எடுத்தன. காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம், சிதறிக்கிடந்த பதிவுகளை ஒரே முற்றத்தில் சேர்த்துக் காட்டியது. சேர்ந்தவர்கள் தங்கள் பக்கத்தில் தமிழ்மணத்தின் பதிவுப்பட்டையை ஒட்டிக்கொண்டார்கள். வெப்ரிங் பெட்டியின் நெருங்கிய உறவு அது. வலைச்சரம் என்னும் வலைப்பதிவில் வாரம் ஒரு பதிவர் ஆசிரியர் பொறுப்பேற்று, தாம் படித்து ரசித்த மற்றவர்களின் பதிவுகளை லிங்க்கோடு அறிமுகப்படுத்தினார். அடுத்த வாரம் பொறுப்பு வேறொருவரிடம் போகும். ரிங்மாஸ்டர் பதவியைச் சுழற்சியில் விட்ட இந்த ஏற்பாடு, ஆங்கில வளையங்களில் பெரும்பாலானவற்றைவிட ஒரு படி மேலானது. பரிந்துரைக்கும் அதிகாரம் ஒருவரிடமே தங்கவில்லை. இதுவும் பதிவர்கள் ஃபேஸ்புக்குக்கு இடம்பெயர்ந்தபோது தேய்ந்தது.

எஞ்சியதும் மீண்டதும்

யாஹூ 2009 அக்டோபர் 26 அன்று ஜியோசிட்டீஸை மூடியது. அப்போது அதில் குறைந்தது 3.8 கோடி பக்கங்கள் இருந்தன. ஜேசன் ஸ்காட் முன்னின்று நடத்திய ‘ஆர்க்கைவ் டீம்’ தன்னார்வலர்கள் மூடுவதற்கு முன் முடிந்த மட்டும் அள்ளி, மறு ஆண்டு ஏறக்குறைய ஒரு டெராபைட் தொகுப்பாக வெளியிட்டார்கள். ஓலியா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் என்னும் இரு கலைஞர்கள் அந்தக் குவியலைத் தோண்டி, ஒவ்வொரு பக்கமும் பழைய பிரவுசரில் எப்படித் தெரிந்திருக்குமோ அப்படியே படமெடுத்து 2013 முதல் வெளியிட்டு வந்தார்கள். ஜப்பானிய ஜியோசிட்டீஸ் 2019 மார்ச் 31 வரை நீடித்தது.

வெப்ரிங்கைப் பொறுத்தவரை இந்த மீட்பு பாதி மீட்புதான். பக்கங்கள் கிடைத்தன, பெட்டிகளும் கிடைத்தன. ஆனால் எந்தத் தளத்துக்கு அடுத்து எந்தத் தளம் என்ற வரிசை இருந்தது பொது சர்வரில். காப்பகத்தில் இருக்கும் பழைய பக்கமொன்றில் ‘அடுத்த தளம்’ என்பதை அழுத்தினால் பெரும்பாலும் பதில் வராது. யுரோப்பாவின் பலவீனத்தை நீக்கிய அதே மையப் பட்டியல், கடைசியில் மொத்த வளையத்தையும் ஒரே இடத்தில் அறுத்துவிட்டது. தனிப்பக்கங்களின் கதியும் பெரிதாக வேறல்ல. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டுச் சொன்னது.

2013-இல் கைல் டிரேக் தொடங்கிய நியோசிட்டீஸ், கையால் எச்டிஎம்எல் எழுதிப் பக்கம் அமைக்க விரும்புகிறவர்களுக்கு மீண்டும் இலவச இடம் கொடுத்தது. ஜியோசிட்டீஸ் மூடியபோது பள்ளிக்கூடமே போகாத பிள்ளைகள் இன்று அங்கே மினுங்கும் பின்னணியோடு பக்கம் கட்டுகிறார்கள். அவர்கள் பார்க்காத காலத்தின் தோற்றத்தைக் கடன் வாங்குவதில் ஆச்சரியமில்லை. தோற்றத்தோடு வளையத்தையும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சொந்தத் தளம் வைத்திருப்போரை இணைக்கும் ‘இண்டிவெப்’ வெப்ரிங்கில் தொடக்கத்தில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் எண்ணுக்குப் பதில் ஓர் எமோஜி அடையாளமாகக் கொடுக்கப்பட்டது.

இன்றைய வளையங்கள் பலவற்றில் உறுப்பினர் பட்டியல் யாரும் பார்க்கக்கூடிய ஒரு சிறு கோப்பாகப் பொதுவெளியில் இருக்கிறது. சேர விரும்புகிறவர் அதில் தம் முகவரியைச் சேர்க்கும்படி விண்ணப்பிக்கிறார். பொறுப்பாளர் தளத்தைப் பார்த்துவிட்டு ஏற்கிறார் அல்லது மறுக்கிறார். கோப்பை எவரும் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதால், நடத்துகிறவர் ஓய்ந்தாலும் இன்னொருவர் அந்த வரிசையை வைத்து வளையத்தைத் தொடரலாம். பெரும்பாலானவை சிறியவை, பொறுப்பாளர் எல்லாத் தளங்களையும் தாமே பார்க்க முடிகிற அளவுதான். செத்த லிங்க்கைக் கண்டுபிடிக்கும் வேலைக்குச் சிலர் நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். அது அவ்வப்போது ஒவ்வொரு தளமாகப் போய், பெட்டி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அந்தத் தளத்தை வரிசையிலிருந்து ஒதுக்கிவைக்கும். பெட்டி திரும்பி வந்ததும் மறுபடி சேர்த்துக்கொள்ளும்.